கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், அப்பாவுக்குப் பெருந்தமனியில வீக்கமாம். நெஞ்சுல இருந்து வயிறு வரைக்கும் ஆபரேஷன்கிறாங்க. உங்க தம்பிக்குப் பண்ணீங்களே, டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்?" என்றான். அவனுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. 31 ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவன், அவ்வளவுதான்.

இந்த ஆபரேஷன் என்றதும் "உயிருக்கு ஆபத்து உண்டா?" என்று எல்லோரும் கேட்கிறோம். "கால் விளங்காமல் போகுமா?" என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர்களும் அதை விரித்துச் சொல்வது குறைவு. இது மாற வேண்டும்.

தம்பிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஒப்புதல் படிவம் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் 'பாராப்ளீஜியா' என்று ஒரு சொல் இருந்தது. இரண்டு கால்களும் செயலிழப்பது என்று அர்த்தம். அர்த்தம் தெரிந்த நானே பதற்றத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு அனஸ்தீசியா டாக்டரம்மா ஒருவர் வந்து உட்கார்ந்து, ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டியே கீழே இறங்குகிறது. வழியில் அதிலிருந்து பிரியும் சிறு கிளைகள் சில, தண்டுவடத்துக்கு இரத்தம் கொடுக்கின்றன. அவற்றில் பெரியதற்கு ஆடம்கீவிச் தமனி என்று பெயர். பெரும்பாலும் நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் கீழ்ப்பக்கம், இடது புறமாகப் பிரியும். ஆனால் ஆளுக்கு ஆள் இடம் மாறும். காலை அசைக்கச் சொல்லும் கட்டளை போகும் பகுதி இந்த இரத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது. வீங்கிய தமனியை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் தைக்க, கவ்வி போட்டு இரத்தத்தை நிறுத்தியாக வேண்டும். மடையை அடைத்தால் கடைமடைப் பயிர் வாடும் இல்லையா? அதே கதைதான்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் டாக்டர் கிராஃபோர்டு குழுவினர் 1509 நோயாளிகளின் கணக்கை 1993இல் வெளியிட்டார்கள். 16 சதவீதம் பேருக்குக் கால் செயலிழப்போ பலவீனமோ வந்திருந்தது. அதே ஊரில் டாக்டர் கோசெல்லி 145 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு சோதனை செய்து, 2002இல் முடிவை வெளியிட்டார். ஒரு பிரிவினருக்கு மட்டும் முதுகில் நுண்குழாய் செருகி மூளைத் தண்டுவடத் திரவத்தை வடித்தார்கள். வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. வடித்தவர்களில் 2.6 சதவீதம்தான்.

ஏன் என்றால், அது ஒரு கழித்தல் கணக்கு. இரத்த அழுத்தத்தில் இருந்து திரவத்தின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தண்டுவடத்துக்கு. அதனால் பிபியை இறங்க விடக் கூடாது, திரவ அழுத்தத்தை ஏற விடக் கூடாது.

கண்காணிப்பும் உண்டு. மயக்கத்தில் இருப்பவரிடம் காலை அசைக்கச் சொல்ல முடியாதே! தலையில் லேசான மின்தூண்டல் கொடுத்து, கால் தசைக்கு அது வந்து சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். பதில் மங்கினால் அங்கேயே பிபியை ஏற்றலாம், முக்கியமான கிளையைப் புதுக் குழாயோடு சேர்த்துத் தைக்கலாம்.

ஆனால் ஆபத்து தியேட்டரோடு முடிவதில்லை. தம்பி கண் விழித்தபோது இரண்டு காலும் நன்றாக அசைந்தன. நாங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டோம். இரண்டாம் நாள் விடியற்காலை பிபி இறங்கியது. மணிக்கு ஒரு தடவை வரும் ஐ.சி.யூ. சிஸ்டர், வழக்கம்போல "ஐயா, வலது காலைத் தூக்குங்க" என்றிருக்கிறார். தூக்க முடியவில்லை. சிஸ்டர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார். மருந்து கொடுத்து பிபியை ஏற்றி, திரவத்தை வடித்தார்கள். மதியத்துக்குள் கால் அசைந்தது. தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்று அந்தச் சிஸ்டர் நினைத்திருந்தால், தம்பி இன்று சக்கர நாற்காலியில் இருந்திருக்கலாம்.

அதனால் என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, கால் செயலிழக்கும் வாய்ப்பைத் தமிழில், வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு, தண்டுவடத்தைக் காக்க உங்களிடம் என்ன வசதி இருக்கிறது, என்ன இல்லை என்பதையும் சொல்லுங்கள். மூன்று, ஆபரேஷனுக்குப் பிறகு கால் அசைவைப் பார்ப்பதை பிபி பார்ப்பது போலவே மணிக்கணக்கில் எழுதி வையுங்கள். அதற்கு எந்த மிஷினும் தேவையில்லை.

"இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார்" என்பார்கள். தமனி வெடித்து வருகிறவருக்கு நேரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். முதுகில் போடும் குழாயிலும் இரத்தக் கசிவு, தொற்று என்று ஆபத்து உண்டு. எல்லாம் செய்தும் சிலருக்குக் கால் போகிறது. ஹூஸ்டனில் 2016இல் வெளியான 3309 பேரின் கணக்கிலும் 2.9 சதவீதம் பேருக்கு இரண்டு காலும் நிரந்தரமாகச் செயலிழந்தன. ஆகவே உத்தரவாதம் கேட்கவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் குடும்பமும் ஒரு கண்ணாக இருக்கும். மறுத்துப்போகிறது, கனக்கிறது என்று நோயாளியே முதலில் சொல்லுவார்.

மாணவனின் அப்பாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். நல்லபடியாக முடிய வேண்டும்.

பகிர நினைப்பவர்கள் தாராளமாகப் பகிரலாம்.