கண்ணிவெடியும் பெட்ஷீட்டும்

தறிச் சத்தத்துல வளர்ந்த சென்னிமலைக்காரனுக்குக் கடல் கண்ணிவெடியில என்ன வேலைன்னு கேப்பீங்க. கடல் நமக்குத் தூரந்தானுங்க. ஆனா கணக்கு பக்கத்துலயே இருக்கு.

1950 அக்டோபர், கொரியாவின் வொன்சான். அமெரிக்கப் படை கரையிறங்கப் போன கடல்ல சுமார் 3000 கண்ணிவெடிகள். 12ஆம் தேதி பைரேட், பிளெட்ஜ்னு ரெண்டு கண்ணிவாரிக் கப்பல் மூழ்கிடுச்சு. வழி சுத்தமாகிற வரைக்கும் படைங்க கிட்டத்தட்ட ஒரு வாரம் கடல்லயே முன்னும் பின்னும் அலைஞ்சாங்க. அதுக்குள்ள தென்கொரியப் படை நிலவழியா வந்து ஊரைப் பிடிச்சாச்சு!

இந்த மாதிரி ஆபத்தை முன்கூட்டியே எடை போடத்தான் சிமுலேஷன். கம்ப்யூட்டர்ல கண்ணிகளை இஷ்டத்துக்குத் தூவி, கப்பலை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்து, எத்தனை தடவை தப்பிக்குதுன்னு எண்ணுறது. ஒரு பாதையில 10 கண்ணி, ஒவ்வொண்ணையும் எடுக்க 90 சதவீதம் வாய்ப்புன்னு வைங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பத்தும் போயிருக்க வாய்ப்பு வெறும் 35 சதவீதம்தான். ரெண்டாவது தடவையும் வாரினா 90ஐத் தொடுது.

இங்கதான் எனக்கு உதைக்குது. ரெண்டாவது தடவை முதல் தடவையோட சம்பந்தமே இல்லாததுன்னு வச்சாத்தான் அந்த 90. நம்மூர்ல பெட்ஷீட் மடிக்கும்போது பார்த்திருக்கேன். ஒரே ஆள், ஒரே வெளிச்சத்துல ரெண்டு தடவை பார்த்தாலும், முதல்ல விட்ட இழைக் குத்தத்தையே திரும்பவும் விடுவார். வேற ஆள் பார்த்தாத்தான் மாட்டும். கண்ணியும் அப்படித்தான். சேத்துல புதைஞ்சது ரெண்டு தடவையும் தப்பும். இத்தனை கப்பல் போன பிறகுதான் வெடிக்கணும்னு எண்ணி வைக்கிற கண்ணிகளும் இருக்கு.

அதனால சிமுலேஷன் வேண்டாம்னு சொல்ல வரலை. அதுக்குள்ள போடுற எண் நிஜக் கடல்ல இருந்து வரணும்கிறேன். நம்ம கடற்படையின் கடைசி கண்ணிவாரிக் கப்பல் ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019 ஏப்ரல்ல ஓய்வு பெற்றது. புதுசு வாங்க 2025 ஜூலையிலதான் முதல்கட்ட ஒப்புதலே கிடைச்சது. ஐ.என்.எஸ். ஜலஷ்வா மாதிரி படை இறக்குற கப்பலை வச்சிருக்கோம், அதுக்கு முன்னால போய் வழி வார்ற கப்பல் இல்லை.

திரையில மூழ்குற கப்பலை ஒரு பட்டனைத் தட்டித் திரும்ப மிதக்க விடலாம். உள்ள இருக்கிற பசங்களை அப்படி விட முடியுமாங்க?