குழந்தை சொல் அம்பலம் ஏற வேண்டும்



2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதியன்று, நம் நகரின் வடபுறத்திலுள்ள கழக்கூட்டத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டை விட்டு வெளியேறினாள். அஸ்ஸாமிலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவள் அவள். தாயார் கடிந்துகொண்டதனால் மனம் வருந்திக் கிளம்பினாள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கன்னியாகுமரி செல்லும் வண்டியில் ஏறி அழுதுகொண்டிருந்த அவளைச் சகபிரயாணியாகிய ஓர் இளம்பெண் கவனித்துத் தன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். காணாமற்போன செய்தி பரவியதும் அந்தப் படம் போலீசாரிடம் போய்ச் சேர்ந்தது. சிறுமி சென்ற திசை அதனால் தெரிந்தது. மறுநாள் இரவு விசாகப்பட்டினம் ரயில் நிலையத்தில், அவ்வூரில் குடியேறி வாழும் மலையாளிகளின் சங்கத்தினர் பெட்டி பெட்டியாக ஏறித் தேடி அவளைக் கண்டுபிடித்தனர். பின்னர் நம் நகருக்கு அழைத்து வரப்பட்ட அச்சிறுமி, குழந்தை நலக் கமிட்டியின் பாதுகாப்பில் இருந்து படிக்க விரும்புவதாகத் தெரிவித்தாள்.

இச்சம்பவத்தில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்குழந்தையைக் கண்டுபிடித்தவர்கள் அரசாங்க ஊழியர்கள் அல்லர்; நம்மைப் போலவே பிறந்த ஊரைவிட்டு வெளியே வந்து, மொழியும் பண்டிகையும் மறந்துபோகாதிருக்கச் சங்கம் அமைத்து வாழ்பவர்கள். தேடியதோ தங்கள் இனத்துக் குழந்தையை அன்று. ஆயினும் தகவல் வந்தவுடன் எழுந்து நிலையத்துக்குப் போனார்கள். பண்டிகைக்கும் நாடகத்துக்கும் கூடுகிற சங்கம் இதற்கும் பயன்படும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

ஓடிப்போன குழந்தையை ஊர் தேடுகிறது. பத்திரிகையும் போலீசும் தேடுகின்றன. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் துன்பத்தை விழுங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை யார் தேடுவது? இம்மாதம் அதைப் பற்றியே எழுத எண்ணினேன். குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் இத்தகைய விஷயம் தகுமா என்று சிலர் நினைக்கலாம். குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில்தான் இது வர வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் வளர்ச்சி அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து, 2007-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களுள் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையான பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளுக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டிருந்தனர். துன்புறுத்தியவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பி மதிக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

நாமோ குழந்தைகளுக்கு எதைச் சொல்லிப் பயமுறுத்துகிறோம்? பிள்ளை பிடிக்கிறவன் வருவான், கோணிப்பையில் போட்டுக்கொண்டு போவான் என்கிறோம். ஆபத்து தெருவிலிருந்து வரும் என்று கதவைச் சாத்துகிறோம். உள்ளே வந்து உட்கார்ந்து காபி சாப்பிடுகிறவரைப் பற்றி நமக்கு எண்ணமே எழுவதில்லை. கொலுவுக்கு வருகிறவர்கள், விசேஷங்களுக்கு வந்து நாலு நாள் தங்குகிறவர்கள், வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள் ஆகியோருள் மிகப் பெரும்பாலோர் நல்லவர்களே. அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்படி நான் சொல்லவில்லை. குழந்தை ஒருவரிடம் போக மறுக்கும்போது, “மாமா ஆசையாகக் கூப்பிடுகிறார், மடியில் போய் உட்காரேன்” என்று வற்புறுத்தும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம் என்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டிலேயே மறுக்கப்பட்ட குழந்தை, வெளியில் அதை எப்படிச் சொல்லும்? உடலின் உறுப்புகளுக்கு உரிய பெயர்களையும், எவரும் தொடக்கூடாத இடங்கள் எவை என்பதையும், “இதை அம்மாவிடம் சொல்லாதே” என்று எவர் கூறினாலும் முதலில் அம்மாவிடமே சொல்ல வேண்டும் என்பதையும் நான்கு வயதிலிருந்தே சிறிது சிறிதாகக் கற்பிக்கலாம். சென்னையில் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘துளிர்’ என்னும் ஸ்தாபனம், பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்விஷயத்தில் வழி காட்டி வந்திருக்கிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ‘போக்ஸோ’ என்று பத்திரிகைகளில் நாம் காண்பது இதுவே. 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலாருக்கும் இது பொருந்தும். இத்தகைய குற்றம் நடந்ததாக அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று இச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு விதிக்கிறது. பெற்றோர், பாட்டி, ஆசிரியர், டாக்டர், அண்டை வீட்டார் எவருக்கும் விலக்கு இல்லை. தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குற்றத்தை நிரூபிப்பது தகவல் தருபவரின் பொறுப்பன்று. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது எவ்வித வழக்கும் நிற்காது. பகைமையினால் பொய்ப் புகார் தருவோருக்கு 22-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. குழந்தைக்கு அத்தண்டனை கிடையாது.

மௌனமும் குற்றமாகும் என்பதற்கு நம் நகரிலேயே உதாரணம் உண்டு. தைக்காட்டிலுள்ள குழந்தை நலச் சங்கத்தின் இல்லத்தில் இரண்டரை வயதுக் குழந்தையைத் துன்புறுத்தியதாக 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆயா ஒருவர் கைது செய்யப்பட்டார். அவரோடு வேறு இரண்டு ஆயாக்களும் கைதாயினர். அவர்கள் கை நீட்டியதாகப் புகார் இல்லை. தெரிந்தும் மறைத்தார்கள் என்பதே புகார். ஆதரவற்ற குழந்தைகளை ஏற்க 2002-ஆம் ஆண்டிலேயே அம்மத்தொட்டில் அமைத்துப் புகழ்பெற்ற இடம் அது. அத்தகைய இடத்திலும் இப்படி ஒரு புகார் எழுமானால், நம் வீடும் தெருவும் விதிவிலக்கு என்று நாம் எப்படி நினைப்பது?

“ஊர் அறிந்தால் மானம் போகும், நாளை பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே” என்பதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு. இப்பேச்சைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிற ஊரில் நாலு குடும்பங்களின் ஆதரவில் வாழ்பவர்களுக்கு அந்த நாலு பேரின் வார்த்தை பெரிதுதான். ஆனால், இந்த அச்சத்தைச் சட்டம் இயற்றியவர்களும் அறிந்திருந்தார்கள். குழந்தையின் பெயர், விலாசம், படம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகிய எதையும் எந்தச் சாதனத்திலும் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ பெற வேண்டும். இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரியே, அதுவும் சீருடையின்றி வந்து பெற வேண்டும். எக்காரணத்தாலும் இரவில் குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டரே பரிசோதிக்க வேண்டும். கோர்ட்டில் விசாரணை மூடிய அறையில் நடைபெறும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படலாகாது. வக்கீல்களின் கேள்விகளும் நீதிபதியின் வாயிலாகவே குழந்தைக்கு வர வேண்டும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. குழந்தையின் சொல்லும் இதுகாறும் அப்படித்தான் இருந்து வந்தது. குழந்தையை அம்பலப்படுத்தாமல் அதன் சொல்லை மட்டும் அம்பலம் ஏற்றுவதற்கான ஏற்பாடுகளே இவையெல்லாம். ஏட்டிலுள்ளபடியே எல்லா இடங்களிலும் நடக்கின்றனவா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். உரிமை இன்னதென்று அறிந்தவர் ஒருவர் குடும்பத்தோடு கூட இருந்தால் நடப்பதற்கு வழி உண்டு. சங்கத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

நமக்கே உரிய தடை ஒன்று மொழி. கரமனையிலும் வலியசாலையிலும் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்களுக்கு மலையாளம் இரண்டாம் தாய்மொழி. ஆனால் சென்ற ஆண்டோ அதற்கு முந்திய ஆண்டோ திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் நிலை அப்படியன்று. சொல்லுவதற்கே நா எழாத ஒரு விஷயத்தை, தெரியாத மொழியில் ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்? தேவைப்படும்போது மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறலாம் என்று சட்டத்தின் 26-ஆம் பிரிவும் 38-ஆம் பிரிவும் கூறுகின்றன. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு ஜில்லாவிலும் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம் மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை. குழந்தை பேசும் மொழியும் மாநில மொழியும் அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவு தாய்மொழியாலோ, ஆரம்பப் பள்ளிப் படிப்பாலோ, தொழிலாலோ, அம்மொழி வழங்கும் ஊரில் வசித்ததாலோ வந்திருந்தால் போதும். பட்சபாதமின்மையும் இரகசியம் காத்தலும் முக்கியம்.

தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்தவர்களுக்கு நம்மிடையே என்ன பஞ்சம்? ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள்; பாங்கிலும் தபால் ஆபீசிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நம் சங்கத்தின் மூலம் பத்துப் பேர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்மணிகளாக, இப்பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம் என்பதே இம்மாதம் நான் முன்வைக்க விரும்பும் யோசனை. ஆண்டுவிழாவில் ஒரு நிகழ்ச்சி குறைந்தாலும் பாதகமில்லை.

குழந்தை நம்மிடம் வாய் திறந்தால் செய்ய வேண்டியவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் நம்ப வேண்டும். “ஏன் அங்கே போனாய்? ஏன் அன்றே சொல்லவில்லை?” என்று கேட்கலாகாது. “நீ சொன்னது நல்லது; உன்மேல் தப்பில்லை” என்ற இரண்டு வார்த்தை போதும். திரும்பத் திரும்பச் சொல்லச் செய்யாமல், குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளலாம். குற்றம் புரிந்தவரை அழைத்து நாமே பஞ்சாயத்து செய்வதும், மன்னிப்புக் கேட்கவைத்துச் சமாதானம் பேசுவதும் கூடவே கூடாது. 1098 என்னும் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் செலவின்றி டெலிபோன் செய்யலாம். 1996-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய இவ்வுதவி எண்ணை இப்போது அரசே நடத்துகிறது. அவசரமானால் 112. ஆஸ்பத்திரிக்குப் போக முன்கூட்டிப் போலீஸ் கடிதம் தேவையில்லை. அவசர சிகிச்சையை எந்த டாக்டரும் அதன் பொருட்டு மறுக்கக் கூடாது.

புகார் கொடுத்ததோடு குழந்தையின் துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. வழக்கு ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கமே ஆயினும், பல வழக்குகள் நீண்டுபோகின்றன. அக்காலம் முழுவதும் கூட இருந்து உதவ ஒரு துணைநபரைக் குழந்தை நலக் கமிட்டி நியமிக்கலாம். சிகிச்சைக்கும் படிப்புக்கும் இடைக்கால நஷ்டஈடு கேட்கவும் வழி உண்டு. சட்ட உதவி ஆணையத்தின் மூலம் வக்கீலை இலவசமாகவே பெறலாம். இவற்றோடு ஊரார் தர வேண்டியது ஒன்றுண்டு. அக்குழந்தையை மற்றக் குழந்தைகளைப் போலவே நடத்துவதுதான் அது. திருவாதிரைக் களியும் பொங்கல் கரும்பும் அந்த வீட்டுக்கும் வழக்கம்போல் போக வேண்டும். குழந்தை பாட்டு வகுப்புக்கு வந்தால் “வா, உட்கார்” என்று சொல்ல வேண்டும். ஜன்னல் வழியே பார்த்துக் கிசுகிசுப்பதும், பிள்ளைகளை அங்கே விளையாட விடாமல் தடுப்பதும் இரண்டாவது துன்புறுத்தல் என்றே நான் கருதுகிறேன்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவன். ஆதலால் எங்கள் இலாகாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரயில் நிலையங்களில் தனியே அலையும் குழந்தைகளை எப்படிப் பாதுகாத்து ஒப்படைப்பது என்பதற்கு ரயில்வே அமைச்சகம் 2015-ஆம் ஆண்டு ஒரு நடைமுறை வகுத்து, 2021-ஆம் ஆண்டு அதைத் திருத்தியது. 2018-ஆம் ஆண்டு முதல் 2024-ஆம் ஆண்டு மே மாதம் வரை ரயில்வே பாதுகாப்புப் படையினர் மீட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 84,119. வண்டியில் தனியே அழும் குழந்தையைக் கண்டால் 139 என்ற எண்ணுக்கோ 1098-க்கோ தெரிவியுங்கள். குழந்தை வீட்டைவிட்டு ஓடிவந்திருந்தால், “உடனே வீட்டுக்குப் போ” என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவது தர்மமாகத் தோன்றும். எதற்கு அஞ்சி ஓடிவந்ததோ அதனிடமே திருப்பி அனுப்புவதாகவும் அது முடியலாம். விசாரித்து முடிவு செய்ய வேண்டியது குழந்தை நலக் கமிட்டி; இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதன்முன் குழந்தையை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம்.

பெண்கள், குழந்தைகள் நலத்துறையின் இயக்குநர் அலுவலகம் நமக்கு அடுத்த பூஜப்புரையிலேயே இருக்கிறது. நம் வார்டுகளில் குழந்தைப் பாதுகாப்புக் கமிட்டிகளும் ஜாக்ரதா சமிதிகளும் அமைய ஏற்பாடு இருக்கிறது. நம் கவுன்சிலரிடம் அவை எப்போது கூடுகின்றன என்று கேட்டு, நம்மவர் ஒருவர் போய் உட்காருவதற்குப் பெரு முயற்சி வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் பதிவேட்டில் சேர விரும்பும் அன்பர்கள் தம் பெயரைச் சங்கக் காரியதரிசியிடம் இம்மாத இறுதிக்குள் தெரிவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். விசாகப்பட்டினத்துச் சங்கத்தார் ஒரு தகவல் வந்தவுடன் எழுந்து போனார்கள். நம்மைத் தேடி ஒரு தகவல் வரும்போது நாமும் ஆயத்தமாக இருப்போமாக.