மணப்பந்தலிலிருந்து வகுப்பறைக்கு

பத்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் வீடுகளுக்கு வரும் உறவினர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்பது ஒன்று, அதை எங்களிடம் கேட்கின்றனர். "பெண்ணுக்கு என்ன சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?" என்பது மற்றொன்று, அதை எங்கள் பெற்றோரிடம் கேட்கின்றனர். நகை, பாத்திரம், சீர்வரிசை ஆகியவற்றைப் பற்றியதே அந்த இரண்டாம் கேள்வி. கல்லூரிக் கட்டணத்திற்குச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்பவர் அரிதினும் அரிது. தமிழ்நாட்டு அரசும், ஏழைப் பெண்களுக்கென்று அளித்த பெரிய உதவிகளுள் ஒன்றை, நெடுங்காலம் அந்த இரண்டாம் கேள்விக்கே ஒதுக்கி வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டில் அவ்வுதவி முதற்கேள்வியின் பக்கம் திரும்பியது. அத்திருப்பம் நல்லது என்பதும், அது இன்னும் முழுமை பெற வேண்டும் என்பதும் எங்கள் கருத்து. அதனை இங்கே கூற விரும்புகிறோம்.

அவ்வுதவி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவரை முதலில் நினைவு கூர்வோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுமியருக்குக் கோயிலில் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையின் கொடுமையை அருகிலிருந்தே கண்டவர். அம்முறையை ஒழிப்பதற்காக மேடைகளில் பேசினார். 1936ஆம் ஆண்டில் அதைப் பற்றி நாவலும் எழுதினார். சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், மக்களிடையே இராமாமிர்தம் அம்மையாரும் ஓயாது உழைத்தனர். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஒரு பெண்ணின் வாழ்வை அவள் அறியாத வயதில் பிறர் முடிவு செய்துவிடக் கூடாது என்பதே அவர் பணியின் சாரம் என்று நாங்கள் புரிந்து கொண்டிருக்கிறோம்.

அவர் நினைவாக 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது திருமண நிதி உதவித் திட்டம். 2011ஆம் ஆண்டில் அது விரிவாக்கப்பட்டபோது, பத்தாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு ரூ. 25,000 என்றும், பட்டமோ பட்டயமோ பெற்ற பெண்ணுக்கு ரூ. 50,000 என்றும் வகுக்கப்பட்டது. அதனுடன் திருமாங்கல்யத்திற்கென்று 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டில் அத்தங்கம் 8 கிராமாக, அதாவது ஒரு சவரனாக உயர்ந்தது. இத்திட்டத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. படிப்பையும் பதினெட்டு வயதையும் நிபந்தனையாக்கியது அதன் சிறப்பு. "பத்தாம் வகுப்பையாவது முடிக்கட்டும்" என்று பெண்ணைப் பள்ளியில் விட்டு வைத்த வீடுகள் உண்டு. தாலிக்குத் தங்கம் வாங்க வட்டிக் கடைக்குச் செல்லாமல் தப்பித்த தந்தையரும் உண்டு.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. அந்தப் பணம் பாதையின் முடிவில் நின்றது. பட்டம் பெற்றவளுக்கு ஐம்பதாயிரம் என்றார்களே, அந்தப் பட்டத்தை அவள் பெறும் வரையிலான மூன்று ஆண்டுகளில் அவள் கைக்கு அத்திட்டத்திலிருந்து ஒரு காசும் வரவில்லை. ஏழைப் பெண்ணின் கால் இடறுவது பாதையின் நடுவில் அல்லவா? தேர்வுக் கட்டணம், புத்தகம், விடுதிச் சாப்பாடு, பேருந்துச் செலவு என்று சிறு சிறு தொகைகளே அவளைத் தடுத்து நிறுத்துகின்றன. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றும் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்று கொண்டிருக்கும் அக்காமார்களை நாங்கள் அறிவோம். அவர்களைத் தடுத்தது அறிவுக் குறைவு அன்று. மாதந்தோறும் தேவைப்பட்ட சில நூறு ரூபாய்களே.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. அந்த உதவி பெண்ணின் படிப்பைப் பார்த்தாலும், திருமண அழைப்பிதழ் இருந்தால்தான் வந்தது. திருமணம் வேண்டாம் என்று பெற்றோரைக் காத்து நிற்கும் மகளுக்கு அதில் இடமில்லை. முப்பது வயதில் மணம் புரிவேன், அதுவரை மேற்படிப்புப் படிப்பேன் என்பவளுக்கு அது உரிய நேரத்தில் உதவவில்லை. எங்களுக்குப் பாடம் சொல்லித் தரும் அருட்சகோதரியரைப் போல் துறவறம் ஏற்கும் பெண்ணுக்கு அதில் பங்கே இல்லை! பெண்ணின் வாழ்வுக்கு ஒரே ஒரு வாசல்தான் என்று எண்ணிய காலத்தின் சாயல் அதில் படிந்திருந்தது என்றால் மிகையாகாது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் அளிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் இது மாற்றி அமைக்கப்பட்டது. அதே அம்மையாரின் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டம் அறிவிக்கப்பட்டு, ரூ. 698 கோடி ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, 'புதுமைப் பெண்' என்னும் பெயருடன் அது தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டப்படிப்பிலோ, பட்டயப் படிப்பிலோ, தொழிற்பயிற்சியிலோ சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை மாதம் ரூ. 1,000 என்பது அதன் விதி. வேறு உதவித்தொகை பெறுபவளும் இதனைப் பெறலாம். பணம் தந்தையின் கைக்கோ கல்லூரியின் கைக்கோ செல்லாமல் அவளுடைய வங்கிக் கணக்கிற்கே செல்லும். இந்தக் கடைசி விதியையே நாங்கள் எல்லாவற்றிலும் உயர்ந்ததாகக் கருதுகிறோம். தன் பெயரில் ஒரு கணக்கும், அதில் தன் படிப்புக்கென்று ஒரு தொகையும் இருக்கும் பெண்ணிடம், "செலவுக்கு வழியில்லை, நின்று விடு" என்று சொல்வது எளிதன்று.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுகின்றனர். மாதம் ஆயிரம் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 36,000தான். பழைய திட்டத்தில் பட்டதாரிப் பெண்ணுக்கு ரூ. 50,000மும் ஒரு சவரனும் கிடைத்தன. அப்படியானால் அரசு கொடுத்ததை விட எடுத்துக் கொண்டதே அதிகம் அல்லவா என்று கேட்கின்றனர். கணக்கு சரிதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பயிருக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் போதுமா? எப்போது என்பதையும் பார்க்க வேண்டாமா? அறுவடைக்குப் பின் வரும் வெள்ளத்தை விட, கதிர் வாடும் நாளில் வரும் ஒரு குடம் நீர் மேலானது. அன்றியும், ஒரு சவரன் தாலியில் முடிந்துவிடும். ஒரு பட்டமோ, அவளுக்குச் சம்பளமாகவும், அவள் பிள்ளைகளுக்குப் படிப்பாகவும் தொடர்ந்து வரும்.

கணக்குப் பார்ப்போரிடம் நாங்கள் வேறொன்றைக் கேட்கிறோம். அந்தப் பணத்தைக் குறை கூறுவதை விட்டு, அதை நிறைவு செய்யும்படி அரசிடம் கேட்டால் என்ன? எங்கள் மனத்தில் பட்ட சில குறைகளை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, காலம். எங்கள் கடற்கரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக உள்ள நல்ல தடை அது. ஆனால் பிளஸ் டூ முடிவு வருவதும், கல்லூரி விண்ணப்பம் வாங்குவதும், சேர்க்கைக் கட்டணம் கட்டுவதும் ஏறக்குறைய அந்த நாட்களிலேதான். விசைப்படகை நம்பி வாழும் தந்தையின் கை வெறுமையாக இருக்கும் நேரத்தில் மகளின் கல்லூரி வாசல் திறக்கிறது. திட்டத்தின் பணமோ, கல்லூரியில் சேர்ந்து, கல்லூரி வழியாகப் பெயர் பதிவு செய்த பின்னரே வரத் தொடங்குகிறது. வாசலைத் தாண்டியவளுக்கு உதவி உண்டு; வாசலிலே நிற்பவளுக்கு இல்லை. ஆகவே முதல் ஆண்டின் சில மாதத் தொகையைச் சேர்க்கையின் போதே முன்பணமாகக் கொடுத்தால் எத்தனையோ பெண்கள் உள்ளே நுழைவர்.

இரண்டாவது, பிரிவு. தொடக்கத்தில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே இருந்த இத்திட்டம், 2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. எங்கள் பள்ளியைப் போன்ற பள்ளிகளுக்கு அது பெருமகிழ்ச்சி தந்த செய்தி. தமிழில் படிப்பவரை ஊக்குவிப்பது முறையே. ஆனால் ஒரே வளாகத்தில் ஒரே மணியோசைக்கு வகுப்புக்குச் செல்லும் ஆங்கில வழி மாணவியர் அந்த விரிவாக்கத்தில் சேரவில்லை. ஆங்கில வழியில் படிப்பவர் எல்லாரும் வசதி படைத்தவர் என்பது உண்மையன்று. உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தாய், மகளாவது ஆங்கிலம் பேசட்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டணம் கட்டுகிறாள். அவள் மகளும் ஏழையே. பாட மொழியோடு, குடும்ப வருமானத்தையும் அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய பெண்களும் பயன் பெறுவர்.

மூன்றாவது, வேலை செய்து கொண்டே படிப்பவர்கள். தொலைதூரக் கல்வியில் படிக்கும் பெண்களுக்கு இத்திட்டம் பொருந்தாது என்று விதிக்கப்பட்டது. பகலில் தீப்பெட்டி ஆலைக்கோ கடைக்கோ சென்று, இரவில் விளக்கடியில் அமர்ந்து பட்டம் பெற முயலும் பெண்ணை விட உதவிக்கு உரியவள் யார்? அவளுக்கு முழுத்தொகை இல்லாவிடினும் தேர்வுக் கட்டணமாவது கிடைக்கலாமே.

நான்காவது, தொகையின் மதிப்பு. 2022ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு ஆண்டு கடைத்தெருவில் மதிப்புக் குறைகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய இலவசப் பயணமும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கே உரியது. தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்பவள் பயணச்சீட்டு வாங்கியே ஆக வேண்டும். விலைவாசி ஏறும்போது உதவியும் சிறிதளவேனும் ஏறுவதே நியாயம்.

இவ்வளவுக்கும் அரசிடம் பணம் ஏது என்று சிலர் கேட்கலாம். கல்விக்குச் செலவழித்து நம் மாநிலம் கெட்டுப் போகவில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4; தமிழ்நாட்டிற்கோ 47. ஒரு காலத்தில் சென்னையில் மகளிருக்கென்று ஒரு கல்லூரி தொடங்க 1914ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்த நாடு இது. மதிய உணவும், இலவசப் புத்தகமும், கட்டணச் சலுகையும், விடுதிகளும், மறைப்பணியாளர் நடத்திய பள்ளிகளும் சேர்ந்தே இந்த உயர்வைத் தந்தன. ஆயினும் 47 என்பது பாதிக்கும் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது. எஞ்சியவர்களுள் எங்கள் தோழியரும் இருக்கக் கூடும் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

அன்புள்ள பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்காக நகைச்சீட்டுக் கட்டுகிறீர்கள். உங்கள் அன்பை நாங்கள் அறிவோம். அந்தச் சீட்டின் ஒரு பகுதியைக் கல்லூரிச் சேர்க்கைக்கென்று எடுத்து வையுங்கள். அரசின் பணம் எங்கள் கணக்கில் வரும் நாளில், அதனை வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல் எங்கள் படிப்புக்கே விட்டு வையுங்கள். தம்பியின் படிப்புக்குக் கடன் வாங்கத் துணியும் நீங்கள் எங்கள் படிப்புக்கும் துணியுங்கள்.

அன்புத் தோழியரே, நமக்கும் கடமை உண்டு. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நம் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கடைசி நாளில் தேடி ஓடாமல் இப்போதே ஆயத்தம் செய்வோம். எந்த உதவிக்கு யார் உரியவர் என்பதை ஆசிரியைகளிடம் கேட்டறிவோம். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கும் உதவித்தொகைகளும் உள்ளன. பொதுத்தேர்வு முடிந்ததும் அவற்றைப் பற்றி விசாரிப்போம். கேட்டு அறியாத உதவி இல்லாத உதவியே. கிடைத்த உதவியைப் பெற்று, வகுப்பைப் புறக்கணித்துத் திரிந்தால், நமக்குப் பின் வரும் தங்கையரின் வழியை நாமே அடைத்தவர்களாவோம்.

பெண்ணுக்குத் தாலித் தங்கம் தந்த கை, இன்று அவளுக்குப் புத்தகம் வாங்கப் பணம் தருகிறது. அந்தக் கை இன்னும் சற்று முன்னதாக நீளட்டும். இன்னும் சற்று அகலமாக விரியட்டும். உறவினர்கள் எங்கள் பெற்றோரைப் பார்த்து, "பெண் எந்தக் கல்லூரியில் சேரப் போகிறாள்?" என்று கேட்கும் காலம் விரைவில் வரட்டும்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி