பட்டன் வைத்தால் புதுத் தலைமுறையா?

2004இல் டிம் ஓரெய்லியின் நிறுவனம் மாநாடு கூட்டி, பயனரும் பங்கேற்கும் புதுத் தலைமுறை வலை என்ற பொருளில் 'வெப் 2.0' என்ற பெயரைப் பரப்பியது. வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ அதை ஏற்கவில்லை. 1990இல் அவர் எழுதிய உலாவியிலேயே படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் அது பழைய கதை அல்ல; மலேசியாவின் பினாங்கைப் பாருங்கள். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் ஜெலுத்தோங்கில் வென்ற ஜெஃப் ஊய், வலைப்பதிவராக அறியப்பட்டவர். பத்திரிகைகள் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பித்த அந்தக் காலத்தில், வாசகர் உடனே பதில் எழுதக்கூடிய பக்கம் புதுமைதான்.

இன்றோ, ஒரு தளத்தில் புகார் எழுதினால் 'நன்றி' என்று ஒரு தானியங்கி வரி வருகிறது, அவ்வளவுதான். இதையும் புதுத் தலைமுறைத் தளம் என்பது விளம்பரக்காரர் பேச்சு! 1998இல் தொடங்கிய மதுரை மின்தொகுப்புத் திட்டத்தில் லைக் பட்டன் கிடையாது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, வலையேற்றினார்கள். பங்கேற்பு என்று பார்த்தால் அதுவே முந்துகிறது.