வரியும் வறியவரும்

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை, புறநானூற்றில் 184ஆம் பாடலாக விளங்குகிறது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சிறு நிலத்தின் விளைச்சலும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுள் புகுந்தாலோ, அது உண்பதினும் அதன் காலடியில் அழிவதே மிகுதி. வரி கொள்ளும் முறையைப் பற்றிய இப்பாடல் வகுப்பறையில் பொருள் கூறிப் பயிற்றப்படுகிறது. தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகிறது. யானை இன்று யாருடைய வயலில் நிற்கிறது என்று கேட்பார் இலர்.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 1994 ஏப்ரல் முதல் நாள் 3 விழுக்காடாகத் தொடங்கியது. 2003இல் 4, 2004இல் 5, 2007 சூலையில் 7, 2023இல் 8, 2024இல் 9 என அது வளர்ந்தது. இதற்கிடையே மற்றொரு வரி மறைந்தது. இறந்தோர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரி 2008 பிப்ரவரி 15 முதல் நீக்கப்பட்டது. அவ்வரி ஏழையைத் தீண்டியதில்லை. குடியிருப்பு வீடுகளுக்கு 90 இலட்சம் வெள்ளி வரையிலும், பிற சொத்துகளுக்கு 6 இலட்சம் வெள்ளி வரையிலும் விலக்கு இருந்தது. அதற்கு மேற்பட்டதற்கும் 5 அல்லது 10 விழுக்காடே வரி. அரிசியின் மீது வரி ஏறி ஓராண்டு நிறையுமுன் செல்வரின் வாரிசுக்கு வரி நீங்கிற்று!

பெருஞ்செல்வர் வழி கண்டு தப்புகின்றனர், நடுத்தட்டினரே அகப்படுகின்றனர் என்று காரணம் கூறப்பட்டது. வேலியில் ஓட்டை கண்டால் அதனை அடைப்பதா, வேலியையே பிடுங்கி எறிவதா?

அரிசி, பருப்பு, பால்மாவு ஆகியவற்றுக்கு இவ்வரியில் விலக்கில்லை. முதலீட்டுக்குரிய தங்கக் கட்டிக்கோ 2012 அக்டோபர் முதல் விலக்கு உண்டு. மாதம் 2,000 வெள்ளி ஈட்டும் குடும்பம், வரிக்குரிய பொருள்களுக்கு 1,000 வெள்ளி செலவிடுவதாகக் கொள்வோம். அது செலுத்தும் வரி 90 வெள்ளி. வருவாயில் நாலரை விழுக்காடு. 20,000 வெள்ளி ஈட்டி 4,000 வெள்ளி செலவிடும் குடும்பம் செலுத்துவது 360 வெள்ளி. வருவாயில் 2 விழுக்காடும் இல்லை. ஒரே விகிதம் என்பது ஒரே சுமை ஆகாது.

ஏழைகளுக்குப் பற்றுச்சீட்டு வழங்கப்படுகிறதே என்பர் சிலர். உண்மை, 2012 முதல் அத்திட்டம் நிலையாக நடைபெறுகிறது. அது பல குடும்பங்களின் சுமையைக் குறைப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் வரி நாள்தோறும் கடையிலேயே பிடிக்கப்படுகிறது. உதவியோ குறித்த காலத்தில், தகுதி பார்த்து, வெளியே வருகிறது. வாங்குவது கடமை என்றும் கொடுப்பது கருணை என்றும் ஆகிவிட்டால், குடிமகன் இரவலன் ஆகிறான்.

அப்பற்றுச்சீட்டும் குடிமக்களுக்கே உரியது. தமிழகத்திலிருந்து வந்து கட்டடம் எழுப்பும் தொழிலாளி, பேரங்காடியில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 9 விழுக்காடு செலுத்துகிறான். அவனுக்குத் திரும்பக் கிடைப்பது யாது?

செல்வரின் வீடுகள் மீதான சொத்து வரி 2023, 2024ஆம் ஆண்டுகளில் உயர்த்தப்பட்டது. அது நன்று. எனினும் பங்குகளாகவும் வைப்புத் தொகையாகவும் கிடக்கும் பெருஞ்செல்வம், தலைமுறை மாறுகையில் வரியின்றியே கைமாறுகிறது. ஒரு குழந்தை கோடிகளோடு பிறக்கிறது; மற்றொரு குழந்தை தன் பால்மாவுக்கே வரி செலுத்தி வளர்கிறது. இவ்விருவரையும் ஒரே தேர்வில் அமர்த்தி, இதுவே தகுதியின் ஆட்சி என்று பறைசாற்றுவது அறமாகுமா?

மரபுரிமைச் செல்வத்தின் மீது வரி மீள வேண்டும். அடிப்படை உணவுப் பொருள்களுக்கு விலக்கு வேண்டும். வரவு செலவுத் திட்டம் வணிகர் மட்டும் படிக்கும் ஏடன்று. பிசிராந்தையாரைக் கற்பிக்கும் ஆசிரியர் அவ்வேட்டையும் வகுப்பறையில் விரிக்கட்டும். மாணவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அன்றுதான் 184ஆம் பாடல் கற்பிக்கப்பட்டதாகும்.