நாரை பறக்காத கண்மாய்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால், தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு வரைபடம் தேவைப்படாது. எந்தக் காடு என்று அவருக்கே தெரியும். சினிமா வசனகர்த்தாக்களும் தங்கள் பங்குக்குச் சலிக்காமல் எழுதித் தள்ளிவிட்டதால், ராமநாதபுரம் மாவட்டத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அதைத் தண்டனை என்றே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

மழைக் கணக்கைப் புரட்டினால் கதை வேறு. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அங்கே பெய்கிறது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் 200 பெய்தால் அதிகம். ஆனால் முகவை என்கிற ராமநாதபுரத்தின் மழைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வருடத்துக்கான தண்ணீரில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பிறகு வெயில், வெயில், மறுபடி வெயில். நிலமோ தாம்பாளம் போலத் தட்டை. அணை கட்ட மலையும் கிடையாது, பள்ளத்தாக்கும் கிடையாது. கிணறு வெட்டினால் பல ஊர்களில் வாயில் வைக்க முடியாத உவர்நீர்தான் ஊறும். பெய்ததைப் பெய்த இடத்திலேயே பிடித்து வைத்தால்தான் பிழைப்பு.

அப்படிப் பிடித்து வைத்த பாத்திரத்துக்குப் பெயர் கண்மாய். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, கண்ணுக்கே தெரியாத அளவு சரிகிறது. அந்தச் சரிவை மறித்துப் பிறை வடிவில் ஒரு மண்கரை. கரையில் மடைகள், மடை வழியே தண்ணீர் வயலுக்குப் போகும். கண்மாய் பெருகினால் கலுங்கு தாண்டி மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது பெருகினால் அதற்கடுத்த ஊருக்கு. இப்படிச் சங்கிலியாகக் கோத்த கண்மாய்களில் கடைசிக் கண்மாய்க்காரருக்கு எப்போதுமே மேலூர்க்காரர் மேல் ஒரு சந்தேகம் உண்டு. கலுங்கில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக நாலு மணல் மூட்டையை அடுக்கிவிட்டால் கீழூரில் பயிர் கருகும். இதற்காக நடந்த சண்டைகளுக்கும் ஏறிய கோர்ட்டுப் படிகளுக்கும் கணக்கே இல்லை. ஊருக்குள் இந்தச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆளை வைத்தார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கையில். கூலி, களத்தில் அளக்கும் நெல்.

மாவட்டத்துக் கண்மாய்களில் பெரியது ஆர்.எஸ். மங்கலம் கண்மாய். ஆர்.எஸ். என்றால் ராஜசிங்க, ஊர்ப்பெயரில் பாண்டிய மன்னன் இருக்கிறான். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்பது இதைப் பற்றிய ஊர்ச்சொல். ஒரு கரையில் கிளம்பிய நாரை சிறகு ஓய்ந்துபோகாமல் மறுகரை சேர முடியாதாம். நாரையின் சிறகுவலிமையைக் குறைத்து மதிப்பிட்ட சொல்தான். ஆனால் ஐப்பசி மழைக்குப் பின் கரையில் நின்று பார்க்கிறவர் இதை மறுத்துப் பேசமாட்டார்.

ஆற்றையே கண்மாய்க்குள் முடித்துவைத்த மாவட்டம் இது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் நடந்து வரும் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. மிச்சம் மீதி இருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்கருகே கடலைப் பார்க்கும். தேனியும் மதுரையும் சிவகங்கையும் குடித்தது போக வருவது என்பதால் பல வருடங்களில் மணல் மட்டுமே வந்து சேர்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும், மத்தியதரைக் கடல் நாட்டு மது ஜாடிகளின் உடைசல்களும், கப்பல் கீறிய பானையோடு ஒன்றும் கிடைத்தன. தண்ணியில்லாக் காட்டுக்கு ஈராயிரம் வருடத்துக்கு முன்பே வெளிநாட்டார் விரும்பி வந்திருக்கிறார்கள், மாற்றல் உத்தரவு இல்லாமலேயே.

சேதுபதிகளின் சீமையாக இருந்த காலத்தைப் பேசுகிறவர்கள் வழக்கமாக ராமேசுவரத்தின் நீண்ட பிரகாரத்தைச் சொல்வார்கள்; விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதியைச் சொல்வார்கள். கண்மாய்க்காரருக்கு முக்கியமான வருடங்கள் வேறு. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் பதவி நீக்கிச் சிறையில் அடைத்தார்கள். 1803இல் சீமை ஜமீன் ஆயிற்று. 1948இல் வந்த சட்டம் ஜமீனையும் ஒழித்தது. கண்மாய்கள் அரசின் கைக்குப் போயின. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வரத்துக்கால் வெட்டிய குடிமராமத்து வழக்கம் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. "கவர்மெண்டு பாத்துக்கிரும்" என்றானதும் அடியோடு நின்றது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு திட்டம் கொண்டுவந்தது. மண்வெட்டி இருந்த இடத்தில் பொக்லைன் வந்தது.

நிர்வாகமும் தள்ளியே நின்றது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் ஜில்லா உருவானது. ஆனால் கலெக்டர் ஆபீஸ் வெகுகாலம் மதுரையில்தான் இருந்தது. மனு கொடுக்க ஜில்லாவைவிட்டே வெளியே போகவேண்டிய விசித்திரம். 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் தனியே போனபின் எஞ்சிய கடலோரமே இன்றைய மாவட்டம்.

தூர்ந்த கண்மாய்களில் சீமைக்கருவேலம் புகுந்தது. அதைத் திட்டாதவர் இல்லை. 2017இல் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் ஊர் ஊராக வேரோடு பிடுங்கினார்கள். அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தது. ஆனால் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கத்துச் சம்சாரியிடம் கேட்டால் பதில் அவ்வளவு நேராக வராது. விதைத்தது விளையாத வருடங்களில் கரிமூட்டம்தான் அடுப்பெரித்தது. வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டு மூட்டை கட்டிய கரியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு இருந்தது. பறவைகளுக்கும் அந்த மரத்தோடு பகையில்லை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் நாட்டுக்கருவேலத்தோடு சீமைக்கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. அவ்விரு கண்மாய்களும் உலக அளவிலான ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவித்தார்கள்.

மழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் நெல் ஒருபுறம்; மறுபுறம் மிளகாய். கோலிக்குண்டை விடப் பெரிதாய், தோல் தடித்துத் திரண்டிருக்கும் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி, பங்குனியில் களம் சிவந்து கிடக்கும்போது, அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் யாராவது ஒருவர் தும்முவார்.

கண்மாய் வற்றும் காலத்தில் மனிதர்கள் மட்டுமல்ல, ஆடுகளும் ஊரைவிட்டுக் கிளம்பும். கீதாரிகள் கிடையை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்குப் போவார்கள். அறுத்த வயலில் இரவெல்லாம் ஆடு அடைத்தால் நிலத்துக்கு எரு, கீதாரிக்கு நெல்லோ காசோ. தஞ்சாவூர் நெல்லின் விளைச்சலில் முகவை ஆட்டுப் புழுக்கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவல் இந்த ஜனங்களைப் பற்றியதுதான்.

ஆடு போனபின் ஊரில் மிச்சமிருப்பது கண்மாயின் முழங்கால் அளவுச் சேற்றுத் தண்ணீர். பங்குனி, சித்திரையில் ஒருநாள் மீன்பிடிக்குத் தேதி சொல்வார்கள். விடிவதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் டூவீலரிலும் குட்டி யானையிலும் வந்து கரையில் நிற்பார்கள், கையில் ஊத்தாவோ கச்சாவோ வலையோ, ஒன்றுமில்லாதவர் பழைய வேட்டியோ வைத்துக்கொண்டு. ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். மேலூர், கீழூர் என்ற பேச்சு அன்றைக்குக் கிடையாது. கலங்கிய சேற்றில் விரால் துள்ளும். கெளுத்தி முள்ளில் குத்துப்பட்டவர் கத்துவார். குரவை சேற்றுக்குள்ளேயே புதைந்து தப்பப் பார்க்கும். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பிடித்த மீனை விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். அன்று ராத்திரி எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரே குழம்பு வாசம். வெறுங்கையோடு திரும்பியவர் வீட்டிலிருந்தும் வரும்.