சேற்றில் கிடைத்த சிப்பி

தமிழ்த்துறை மலரில் சிப்பிக்கும் சேற்றுக்கும் என்ன வேலை என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

1988ஆம் ஆண்டு சூன் முதல் நாள். கனடாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் செயின்ட் கிளேர் ஏரியில், வின்ட்சர் பல்கலைக்கழகத்து இளையோர் மூவர் அடிமண்ணை வாரி எடுத்துப் புழுக்களைத் தேடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண்ணொருவர், கல்லோடு ஒட்டியிருந்த விரல்நக அளவுச் சிப்பியொன்றைக் கண்டார். தேடி வந்த பொருளன்று எனத் தூக்கி எறியவில்லை, கரைக்குக் கொணர்ந்தார். அதுவே, கருங்கடல், காசுபியன் கடல் பகுதிகளிலிருந்து கப்பல்களின் நிலைப்பு நீரில் வந்து சேர்ந்த வரிச்சிப்பி. மறு ஆண்டே பால் ஹெபர்ட் முதலான ஆய்வாளர்கள் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். அதே 1989 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரின் குடிநீர் உறிஞ்சுகுழாயை அச்சிப்பிகள் அடைத்துக்கொள்ள, நகரமே தவித்தது.

பெரும் ஆய்வுக்கூடம் கண்டறியாததை இளங்கலை அறிவும் கூர்ந்த கண்ணும் கண்டன. இதனை நம் மாணவர்க்கு எடுத்துரைப்பார் குறைவு. விலங்கியல் என்றாலே மருத்துவ இடம் கிடைக்காதோர் ஒதுங்கும் திண்ணை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. மூன்றாண்டுகள் புட்டியில் ஊறிய உயிரிகளைப் பார்த்துப் படம் வரைந்து, பதிவேட்டில் கையொப்பம் பெற்று வெளியேறுகின்றனர். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது பெரும் அநீதி என்றே நாம் கருதுகிறோம். நீரோட்டமும் ஏற்றவற்றமும் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கற்றவை.

வடசென்னை எண்ணூர்க் கழிமுகத்திற்குச் செல்க. தென்னமெரிக்கச் சிப்பியொன்று சேற்றின்மேல் பாய்விரித்தாற்போல் படர்ந்து, இறால் புதைந்து வாழும் மண்ணை மூடிவிட்டதென மீனவர் முறையிடுகின்றனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'காக்கா ஆழி'. (பெயரிடுவதில் மீனவர் நம் கலைச்சொல் குழுக்களைக் காட்டிலும் விரைவானவர்.) மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்பிற்கெனக் கொணர்ந்த கப்பாபைக்கசு பாசி பவளப்பாறைகளில் படர்ந்ததை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் எழுதினர். ஆகாயத்தாமரையும் சிலேபிக் கெண்டையும் இல்லாத ஏரி நம் பக்கத்தில் அரிது.

இவற்றுள் ஒன்றை ஒரு மாணவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒரே இடம், ஒரே வற்றம், மாதம் ஒருமுறை. சதுரச் சட்டத்தை மண்ணில் வைத்து உள்ளிருப்பவற்றை எண்ணி, அளந்து, நீரின் உப்பையும் நாளையும் குறிக்கட்டும். சிப்பி இல்லாத மாதத்தில் 'இல்லை' என எழுதும் நேர்மையும் வேண்டும். ஓராண்டு முடிவில் அவர் கையிலிருப்பது வேறெவரிடமும் இல்லாத ஒரு கணக்கு. பறங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்திற்கோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கோ மேற்படிப்பு நாடிச் செல்கையில், மதிப்பெண் பட்டியலோடு இக்குறிப்பேட்டையும் மேசைமேல் வைக்கலாம். "நீ என்ன கண்டாய்?" என்ற வினாவுக்கு விடை பாடநூலில் இராது. மத்திய கடல்மீன் ஆய்வு நிலையம், இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்றவற்றின் கதவுகளை அணுகுவோர்க்கும் இப்பயிற்சியே அடிப்படை.

இதற்கு வேண்டுவன ஒரு சட்டம், ஒரு சல்லடை, ஒரு வெர்னியர் அளவி, உப்புத்தன்மை காட்டும் சிறு கருவி, மாதம் ஒருநாள் படகு வாடகை, உடன்சென்று சேற்றில் இறங்க ஓர் ஆசிரியர். ஆண்டுவிழாப் பந்தலுக்கு மனமுவந்து வழங்கும் ஊர்ப் பெரியோர், அடுத்த ஆண்டு அப்படகு வாடகையையும் கேட்டு வருவோம் என்பதை இப்போதே அறிந்திருப்பாராக.